கண் நீர் அழுத்த நோய்: முத்தட்டும் என்று காத்திருக்கலாமா?

மாணவியரே, இக்கட்டுரையைப் படிக்குமுன் உங்கள் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் ஒரு கோட்டின்மேல் சிறிய கூட்டல் குறி இடுங்கள். அதே கோட்டில், வலப்பக்கமாக மூன்று அங்குலம் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் வரைந்து அதைக் கறுப்பு மையால் நிரப்புங்கள். இப்போது இடக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலக் கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்று நோக்குங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து, மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். பார்வை கூட்டல் குறியை விட்டு நகரக் கூடாது. ஏறக்குறைய ஓரடித் தூரம் வந்ததும் கறுப்பு வட்டம் காணாமற் போகும். இன்னும் அருகே கொண்டுவந்தால் மறுபடியும் தோன்றும்.

வட்டம் மறைந்தபோது அந்த இடத்தில் என்ன தெரிந்தது? ஓட்டையா? இருட்டா? இரண்டும் இல்லை. வெள்ளைத் தாளும், அதன் குறுக்கே அறுபடாமல் ஓடும் நோட்டுக் கோடுமே தெரிந்திருக்கும். வட்டம் அங்கேதான் இருக்கிறது; ஆனால் உங்கள் கண் அதைக் காணவில்லை. காணவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. சுற்றியிருப்பதைக் கொண்டு மூளையே அந்த இடத்தை நிரப்பி, 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று காட்டிவிட்டது.

இதை 17ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தவர் எட்மே மாரியோத் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். வாயுக்களைப் பற்றி நீங்கள் படிக்கும் பாயில் விதியைத் தனியே கண்டறிந்தவரும் அவரே. சில நாடுகளில் அவ்விதிக்கு அவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. கண்ணின் பின்புறத்திலிருந்து பார்வை நரம்பு மூளைக்குப் புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. அதனால் நம் ஒவ்வொருவர் கண்ணிலும் பிறவியிலேயே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இத்தனை வருடமாக அது உங்களோடு இருந்தும் இன்றுதான் அதைச் சந்தித்தீர்கள்!

இனி நான் சொல்லப்போகும் நோய் அந்த நரம்பு புறப்படும் இடத்தையே தாக்குவது. அதனால் உண்டாகும் குறையும் இந்தக் கறுப்பு வட்டத்தைப் போலவே தெரியாமல் மறைந்திருப்பது. ஆங்கில வைத்தியத்தில் இதற்குக் குளுக்கோமா என்று பெயர். பெயரைக் கேட்டதும் குளுக்கோஸ் நினைவுக்கு வந்து, 'அது சர்க்கரை வியாதிக்காரருக்கு வருவதுதானே' என்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிகளும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்தாம். ஆனால் பெயர் ஒற்றுமைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் 'கண் பிரஷர்'.

இந்தக் 'கண் நீர்' நாம் அழும்போது வழியும் கண்ணீரன்று. கண்ணீர் கண்ணுக்கு வெளியே சுரப்பது. நான் சொல்லும் நீர் கண்ணுக்கு உள்ளே, முன்பகுதியில் சுரந்து, அங்கேயே சுற்றி, அங்கிருந்தே வடிவது. கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலத்திலும், அதற்குப் பின்னால் உள்ள வில்லையிலும் இரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் ஒளி ஊடுருவ முடியாதல்லவா? ஆகவே அவற்றுக்கு ஊட்டமளிக்கும் வேலையை இந்தத் தெளிந்த நீர் செய்கிறது. ஒரு நாள் முழுவதும் சுரப்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான்.

தோட்டத்துத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குழாய் வழியே தண்ணீர் விழுகிறது. மறுபக்கம் மடை வழியே வாய்க்காலுக்குப் போகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை தொட்டியின் மட்டம் மாறாது. மடையில் சருகும் சேறும் அடைத்துக்கொண்டால்? மட்டம் ஏறும், தொட்டி வழியும். கண்ணிலும் இத்தகைய மடை ஒன்று உண்டு. சல்லடை போன்ற மெல்லிய திசு அது. ஆனால் கண் என்ற தொட்டிக்கு மேல்வாய் திறப்பில்லை. மடை அடைபட்டால் நீர் வழிய இடமின்றி உள்ளழுத்தம் கூடும். பெரும்பாலோர்க்கு இவ்வழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். கூடிய அழுத்தம் கண்ணின் பின்சுவரில் உள்ள பார்வை நரம்பை நாளும் நெருக்குகிறது. ஏறக்குறைய 12 இலட்சம் நுண்ணிழைகள் சேர்ந்த கற்றை அது. இழைகள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. மடிந்த இழை மறுபடியும் முளைப்பதில்லை.

சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருந்தபோதும் நரம்பு தேய்கிறது. அவர்களுடைய நரம்பு அந்த அழுத்தத்தையும் தாங்க வலுவற்றது. ஆதலால் 'பிரஷர் பார்த்தார்கள், நார்மல்' என்பதோடு இந்த நோய் இல்லையென்று முடிவு கட்டிவிட இயலாது.

இழப்பு பொதுவாக ஓரங்களில்தான் தொடங்குகிறது. நேர்ப்பார்வை கடைசிவரை தங்கியிருக்கும். அதனால் நோயாளி செய்தித்தாள் படிப்பார். ஊசியில் நூல் கோப்பார். தறியில் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுவார். அவிநாசிச் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் மோட்டார் சைக்கிள்தான் 'திடீரென்று எங்கிருந்தோ' வந்து நிற்கும். நிலைப்படியில் தோள் இடிக்கும். கடைசிப் படி தவறும். 'வயசாச்சுல்ல' என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடு செய்வதால், இரு கண்களும் கெடும்வரை பலருக்கு இது தெரியவே தெரியாது. வலியில்லை, சிவப்பில்லை, பீளையில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டுப் படிக்கச் சொல்கிறார்களே, அதில் கடைசி வரியைத் தடங்கலின்றிப் படிப்பவருக்கும் இந்நோய் இருக்கக்கூடும். அட்டை சோதிப்பது நேர்ப்பார்வையை மட்டுமே.

இனி, நம் வீடுகளில் நடப்பதற்கு வருவோம்.

நம் பக்கத்தில் வயதானவர் ஒருவர் 'கண்ணு மங்கலாத் தெரியுது' என்றால் சொல்லும் பதில் என்ன? "பொரைதானுங்க, முத்தட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." அப்புச்சியும் அப்படியே சொல்வார், அம்முச்சியும் அப்படியே சொல்வார். இது மூடநம்பிக்கையன்று, ஒரு காலத்தில் வைத்தியர்களே சொன்ன வார்த்தை. அக்காலத்து அறுவை சிகிச்சைக்குப் புரை நன்கு முற்றியிருப்பது வசதியாக இருந்தது. இன்று உள்விழி லென்ஸ் வைத்துச் செய்யும் முறைகளில் அந்த அவசியம் இல்லை. ஆனால் முறை மாறியும் வார்த்தை மாறவில்லை.

கண்புரையில் காத்திருந்தவர்க்கு, வேறு கோளாறு இல்லாவிட்டால், அறுவைக்குப்பின் பார்வை திரும்பியது. ஜன்னல் கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் துடைத்துக்கொள்ளலாம், கண்ணாடியையே மாற்றலாம். கண் நீர் அழுத்த நோயிலோ கெடுவது ஜன்னலன்று, வீட்டுக்குள் வரும் மின்கம்பி. அங்கே காத்திருந்த ஒவ்வொரு மாதமும் போனது போனதுதான். அறுவை செய்தாலும், மருந்து விட்டாலும், எந்த நாட்டுக்குப் போனாலும் இழந்த பார்வை இன்றுவரை திரும்புவதில்லை; மீதமிருப்பதைக் காக்கலாம், அவ்வளவே. கண் தானத்தில் பெறுவதும் முன்புறக் கண்ணாடிப் படலத்தைத்தான்; நரம்பை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்கு வைக்க இயலாது. 'தானக் கண் கிடைத்தால் சரியாகிவிடும்' என்று நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்வது கடினம். சொல்லாமலிருப்பது அதைவிடக் கடினம்.

மங்கலான கண்ணில் இருப்பது புரையா, நரம்புத் தேய்வா, இரண்டுமா என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்மானிக்க யாராலும் முடியாது. இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். புரையை அளவுக்கு மீறி முற்றவிட்டால், வில்லை ஊதிப் பருத்து மடையை அடைக்கும். அல்லது அதன் சத்து கசிந்து சல்லடையை அடைக்கும். அப்போது புரையே கண் அழுத்தத்தைக் கொண்டுவந்து, ஒரு சில நாட்களில் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. முத்தட்டும் என்று பார்த்திருந்து, கடும் வலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு.

எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. ஆயிரம் பேர் கூடும் ஒரு திருவிழாவை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாரும் 40-ஐக் கடந்தவர்களானால் அதில் 26 பேர். இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறோர் எண். மெதுவாக வளரும் வகையினர் என்று கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு, அந்நாள்வரை தமக்கு இந்நோய் உண்டென்பதே தெரியாது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது.

மெதுவாக வளரும் வகை என்றேன். வேகமாகத் தாக்கும் வகையும் உண்டு. சிலருக்குக் கண்ணின் முன்னறை இயற்கையிலேயே குறுகலாக இருக்கும். ஒரு நாள் மாலை இருட்டிலோ, சினிமாக் கொட்டகையிலோ கண்மணி விரியும்போது மடை முழுவதும் அடைத்துக்கொள்ளும். பாதிக் கண்ணும் பாதித் தலையும் பிளப்பதுபோல் வலி, கண் சிவப்பு, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில்போல் வளையம், கூடவே குமட்டலும் வாந்தியும். வாந்தியைக் கண்டதும் 'பித்தம்' என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை விழுங்குவோரும் உண்டு. விடிவதற்குள் அந்தக் கண்ணின் நரம்பு பாழாகக்கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கும், மேனாட்டாரைவிட ஆசியர்களுக்கும் இவ்வகை அதிகம். நம் தாய்மார்கள் வலியைச் சொல்லாமல் அடுப்படியில் நிற்பவர்கள்; ஆகையால் இதைப் பெண்பிள்ளைகளாகிய நீங்கள் அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறேன். தலைவலியோடு கண் சிவந்து பார்வையும் மங்கினால், அன்றிரவே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். முன்னரே குறுகலைக் கண்டுபிடித்தால், லேசர் ஒளியால் கருவளையத்தில் ஒரு சிறு துளையிட்டு இத்தாக்குதலைத் தடுக்கலாம். சில நிமிட வேலை.

இந்நோயின் வைத்திய வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உயிருள்ள மனிதரின் பார்வை நரம்பைக் கண்ணால் காணும் கருவியையே 1851-ல்தான் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தார். அதன்பின் சில ஆண்டுகளில் பெர்லின் நகரத்து கிரேஃபே, திடீர் வகைக்கு அறுவை கண்டார். மெதுவாக வளரும் வகைக்கோ உறுதியான வழி கிடைக்கவில்லை. சென்னையில் 1819-ல் தொடங்கிய எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி உண்டல்லவா, உலகின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கே 1904 முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேய மருத்துவர். கண்ணின் வெள்ளைச் சுவரும் முன்படலமும் சேரும் விளிம்பில், உருளை போன்ற நுண் கத்தியால் சிறு வட்டத்துளை போட்டு, உள்நீர் மேல்தோலின் அடியில் கசிந்து வெளியேறும்படி செய்தார். அடைபட்ட மடைக்குப் பதிலாகப் புதிய மடை! 1909-ல் இம்முறையை வெளியிட்டார். எழும்பூரில் நம்மவர்களின் கண்களில் செய்து தேர்ந்த இந்தச் சிகிச்சையை அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் கையாண்டார்கள். 1968-ல் இங்கிலாந்தின் கேர்ன்ஸ் வெளியிட்ட, இன்றும் நடைமுறையிலுள்ள அறுவையும் அதே கருத்தைத் திருத்தமாகச் செய்வதுதான்.

எலியட் வேறொன்றையும் கவனித்தார். அந்நாளில் ஊர் ஊராகச் சென்று, கண்ணில் ஊசி செலுத்திப் புரையைப் பின்னுக்குத் தள்ளிவிடும் நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். தள்ளியவுடன் வெளிச்சம் தெரியும்; வைத்தியர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதன்பின் பலருக்குக் கண் அழுத்தம் கூடிப் பார்வை அறவே போயிற்று. அப்படிக் கெட்டு வந்த கண்களை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து அவர் தனி நூலே எழுதினார்.

நம் காலத்துக்கு வந்தால், டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்களின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1918-ல் தென் தமிழ்நாட்டின் வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளவயதிலேயே கொடிய மூட்டுவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கோவைக் கிளை 1997-ல் அவிநாசிச் சாலையிலேயே அமைந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனையும், திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு. ஆகவே கொங்கு நாட்டில் வைத்தியர் இல்லை, வசதி இல்லை என்று சொல்ல இடமில்லை.

இலவசக் கண் முகாம்களால் நம் ஊர்ப்பக்கத்து முதியோர் எத்தனையோ பேர் புரை நீங்கிப் பார்வை பெற்றிருக்கிறார்கள். ஆயினும் முகாமுக்கும் ஓர் எல்லை உண்டு. புரை ஒரே அறுவையில் தீரும். அழுத்த நோயோ ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டியது. முகாமில் 'பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து நரம்பைக் காட்டுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை மடித்துப் பீரோவில் வைத்துவிடுவதுதான் நடக்கிறது.

யார் யார் கட்டாயம் காட்டிக்கொள்ள வேண்டும்? 40 வயதைக் கடந்தவர் எல்லாரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள். கிட்டப்பார்வைக்கு அதிகப் பவர் கண்ணாடி அணிகிறவர்கள். முக்கியமாக, இந்நோய் உள்ளவரின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும். மற்றவரைக் காட்டிலும் இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. அண்ணனுக்கு வந்தால் தம்பி தங்கைகள் அனைவரும் போக வேண்டும். கண்ணில் எப்போதாவது பலமாக அடிபட்டவர்களும் இதில் சேர்வார்கள். நம் வட்டாரத்தில் தறியில் நாடா தெறித்துக் கண்ணில் பட்டவர்கள் உண்டு. கிட்டிப்புள் விளையாடி அடிபட்டவர்கள் உண்டு. தீபாவளி வெடி பட்டவர்கள் உண்டு. அன்று காயம் ஆறிவிட்டது என்று மறந்திருப்பார்கள். உள்ளே சல்லடை கிழிந்திருந்தால், பல வருடங்களுக்குப் பிறகு அழுத்தம் ஏறும்.

மாணவியராகிய உங்களையே தொடும் காரணம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோடை வந்தால் சில பிள்ளைகளுக்குக் கண் ஓயாமல் அரிக்கும். கசக்கிக் கசக்கிச் சிவந்துபோகும். தூசியும் பஞ்சும் பறக்கும் இடங்களில் இன்னும் தொந்தரவு. மருந்துக் கடையில் போய் 'கண் அரிப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்க' என்று கேட்டால் ஒரு சிறு குப்பியைக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் கண் பளிச்சென்று வெளுத்துவிடும். 'நல்ல மருந்து!' என்று அடுத்த முறையும் அதையே வாங்குகிறோம். அந்தக் குப்பியில் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் அச்சிட்டிருந்தால், அது ஸ்டீராய்டு வகை மருந்து. மருத்துவர் மேற்பார்வையில் சில நாட்கள் விட்டால் அது அருமருந்து. மாதக்கணக்கில் தானாக விட்டுக்கொண்டால், சிலருடைய கண்ணில் அது சல்லடையைக் கெடுத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். அரிப்பு நின்றதால் கண் நலமாக இருப்பதாகவே தோன்றும். உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே இப்படிப் பார்வையிழந்து கண் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அந்த நோய்க்கு முதுமையும் காரணமில்லை, பரம்பரையும் காரணமில்லை. ஒரு மலிவான குப்பிதான் காரணம். இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியிலும் குளிர்பெட்டியிலும் இருக்கும் கண் மருந்துக் குப்பிகளை எடுத்து, மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். இந்தப் பெயர்கள் இருந்தால், எந்த மருத்துவர் எப்போது எழுதிக் கொடுத்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

பச்சைக் குழந்தைகளுக்கும் இந்நோய் வரும். குழந்தையின் கண் சுவர் மிருதுவானது. உள்ளழுத்தம் கூடினால் கண்ணே பெரிதாகும். 'என்ன அழகு, எவ்வளவு பெரிய கண்ணு!' என்று எல்லாரும் கொஞ்சுவார்கள். அக்குழந்தை வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடி, ஓயாமல் நீர் வடித்து, கருவிழி சற்று வெளுத்துக் காணப்பட்டால், கொஞ்சுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். இதற்குச் சொட்டு மருந்து போதாது. சிறு வயதிலேயே அறுவை தேவை. மேலை நாடுகளில் ஏறக்குறைய 10,000 பிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படும் இக்குறை, ஆந்திரத்தில் நடந்த ஆய்வில் 3,300-க்கு ஒன்றாக இருந்தது. இரத்த உறவில் மணம் முடிப்பது இதற்கு ஒரு காரணம். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பதை உரிமையாகவே எண்ணும் ஊர் நமது. மறைந்திருக்கும் ஒரே குறை தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். சொத்து வெளியே போகாது என்று பார்க்கிற பெரியவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பரிசோதனை என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு விட்டு அழுத்தத்தை அளப்பார்கள். மடை அகன்றதா குறுகியதா என்று சிறு கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். கண்மணியை விரியச் செய்து நரம்பின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான நரம்பின் நடுவே சிறு பள்ளம் இருக்கும், நோயில் அப்பள்ளம் அகன்று குழியும். பின் ஓர் இயந்திரத்தின்முன் உட்காரவைத்து, அங்கங்கே மின்னும் சிறு வெளிச்சங்கள் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். உங்கள் நோட்டுத் தாளில் வட்டம் மறைந்ததே, அதே தத்துவந்தான். வயதானவர்கள் 'விளக்கே வரலைங்க, மிஷின் ரிப்பேரு' என்று கோபித்துக்கொள்வதும் உண்டு! கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கியும் வெயில் கூசியும் இருக்கும். ஆகவே துணைக்கு ஒருவர் போக வேண்டும்; அன்று அவரே வண்டி ஓட்டி வரக் கூடாது.

சிகிச்சை பெரும்பாலும் சொட்டு மருந்துதான். 1978-ல் டிமோலால் வந்தது. 1996-ல் இரவில் ஒரு வேளை மட்டும் விடும் லட்டானோபிராஸ்ட் வந்தது. டிமோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். பஞ்சு ஆலையிலும் தறிக்கூடத்திலும் வேலை செய்து இளைப்பு கண்டவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'கண்ணுக்கும் இளைப்புக்கும் என்ன சம்பந்தம்' என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மருந்துக்கு அடங்காதபோது லேசர், அதற்கும் அடங்காதபோது அறுவை.

மருந்து விடுவதில் பெரிய தொல்லை, அதனால் ஒன்றும் நடப்பதாகத் தெரியாததுதான். ஆறு மாதம் விட்டும் பார்வை கூடவில்லை என்று அப்பாரு குப்பியை ஓரமாக வைத்துவிடுவார். கூடாது, இருப்பது இருந்தபடி நிற்பதே அந்த மருந்தின் பலன். அதை அவருக்குப் புரியும்படி சொல்லவும், தினமும் தவறாமல் விடவும் வீட்டில் ஆள் வேண்டும். முதியவர்கள் தாமே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழியும். ஒரு மாதம் வரவேண்டிய குப்பி பதினைந்து நாளில் தீரும். இந்த வேலைக்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி போதும்.

முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். அவரைப் படுக்க வைத்து, அல்லது தலையைப் பின்னால் சாய்த்து உட்கார வைத்து, கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழிமையை மெல்ல இழுத்தால் சிறு பை போல ஆகும். அதனுள் ஒரே ஒரு சொட்டு. குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. கண்ணை மென்மையாக மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்ணின் மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; மருந்து தொண்டைக்கு இறங்கி உடம்பில் கலக்காமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். பெரும்பாலான மருந்துகளைத் திறந்து ஒரு மாதத்துக்குமேல் உபயோகிப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பழைய பரிசோதனைத் தாள்களையும் ஒரே பையில் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். நோய் நின்றிருக்கிறதா, நகர்கிறதா என்பதை மருத்துவர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.